வெர்னியரைக் கையில் கொடுத்தால்

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கலோ பி.இ.யோ முடித்து, இரண்டு வருடம் அலைந்து, இப்போதுதான் அம்பத்தூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ ஒரு கம்பெனி "திங்கட்கிழமை வாங்க" என்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. கையில் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு. உடை பற்றி ஒரே வரி: சலவை செய்த சட்டையும் ஷூவும் போதும்.

எதிரே உட்காருபவர் பெரும்பாலும் உற்பத்திப் பிரிவுக்காரர், இல்லையென்றால் குவாலிட்டிக்காரர். இத்தனை நாளில் படித்ததெல்லாம் மறந்திருக்குமோ என்பதுதான் அவருடைய சந்தேகம். மேசை மேல் கிடக்கும் வெர்னியரை, அதாவது நீளம், விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பரை, உங்கள் பக்கம் தள்ளி, ஒரு பின்னை அளக்கச் சொல்வார். பலர் எடுத்தவுடன் அளவு சொல்லிவிடுகிறார்கள். முதலில் தாடைகளைத் துடையுங்கள், மூடிப் பாருங்கள், முதன்மை அளவுகோலின் பூஜ்யமும் நகரும் வெர்னியர் அளவுகோலின் பூஜ்யமும் சேர்கிறதா என்று கவனியுங்கள். வெர்னியரின் பூஜ்யம் வலப்பக்கம் தள்ளி நின்றால், அந்தப் பிழையை அளவிலிருந்து கழிக்க வேண்டும். 50 பிரிவுள்ள வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. அதில் 25.37 என்று ஒரு அளவே வராது, 25.36 அல்லது 25.38தான். 25.37 என்று சொன்ன கணமே நீங்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மைக்ரோமீட்டரில் தவறு வேறு இடத்தில் நடக்கும். அரை மில்லிமீட்டர் கோடு வெளியே தெரிவதைக் கவனிக்காமல் விட்டால், விடை சரியாக 0.50 மி.மீ. குறையும். திம்பிளை, அதாவது சுழலும் உருளையை, பிடித்து இறுக்காதீர்கள், அதன் நுனியில் உள்ள ராட்செட் என்ற சிறு குமிழைத் திருப்புங்கள். கருவி கையில் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கேளுங்கள், தருவார்கள். டீ நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

அடுத்து டிராயிங். 25 H7/g6 என்று காட்டினால், அதாவது 25 மி.மீ. துளைக்கு H7, அதில் நுழையும் ஷாஃப்ட்டுக்கு g6 என்ற அளவு வரம்பு, "கிளியரன்ஸ் ஃபிட்" (இடைவெளியோடு பொருந்துவது) என்று சொல்லி நிறுத்தாதீர்கள். துளை 25.000 முதல் 25.021 வரை, ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. ஆகக் குறைந்த இடைவெளி 0.007, அதிகபட்சம் 0.041. இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தவருக்கு எந்த ஃபிட்டைக் கேட்டாலும் பயம் இருக்காது.

கல்லூரி புராஜெக்ட் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். மோட்டார் எத்தனை வாட், ஏன் அந்த வாட் என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். இன்றிரவே அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஏன் என்று கேட்டுப் படியுங்கள்.

"இரண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். போலி அனுபவச் சான்றிதழ் மட்டும் வேண்டாம், உங்கள் யூ.ஏ.என். எண்ணில் (பி.எஃப். கணக்குக்கான எண்) அந்த கம்பெனி பெயர் இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சித்தப்பா கடையில் கணக்குப் பார்த்தீர்களா, அரியர் எழுதினீர்களா, அதையே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இப்போது என்ன கற்கிறீர்கள் என்பதற்கு நகருங்கள். விளக்கம் நீள நீளத்தான் சந்தேகம் வரும். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த அறிமுகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சான்றிதழ்களின் அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலை அங்கேயே வைத்துவிட்டு வராதீர்கள். டெபாசிட் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாகச் சம்பளம். "சி.டி.சி. மாதம் 20,000" என்றால், அது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, கையில் 20,000 வராது. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 12,000 என்றால் உங்கள் பி.எஃப். அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய். கம்பெனி கட்டும் 1,440-ஐயும் அந்த 20,000-க்குள்ளேயே பெரும்பாலும் அடக்கிவிடுவார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம், உங்கள் பங்கு 0.75 சதவீதம், எல்லாம் போக ஏறக்குறைய 15,800 வரும். கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் அதுவும் குறையும். ஆகவே "கையில எவ்வளவு சார் வரும்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கூடவே, ஆர்டரில் ட்ரெய்னி என்று போடுவார்களா, அப்ரண்டிஸ் என்று போடுவார்களா என்றும் கேளுங்கள். அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்த்தால் வருவது உதவித்தொகை, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, காலம் முடிந்ததும் வேலை தானாக நிரந்தரமாகாது.