11-வது பெயர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

விசுவாசத்தில் வாழ்ந்த பாட்டி குடும்பத்தின் நினைவில் நிற்பது உழைப்பாலா, ஜெபத்தாலா? ஜெபத்தால் என்பது எங்கள் அணி. எதிரணி நண்பர் உழைப்பைப் பற்றி அழகாகப் பேசினார். அதோடு நின்றிருக்கலாம். போகிற போக்கில், "விடியற்காலையில் பாட்டி முணுமுணுத்தாராம். யார் காதில் விழுந்தது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

என் காதில் விழுந்தது ஐயா!

என் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் 14 பேர். விடுமுறைக்குக் கூடினால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் எனக்குப் படுக்கை. காலை நாலு மணிக்கு முழங்காலில் நிற்பார். ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கும். வயது வரிசையில் எங்கள் பெயர்களைச் சொல்லுவார். ஒருவனுக்குக் கணக்குப் பரீட்சை, ஒருத்திக்கு விடாத இருமல், ஆளுக்கொரு வேண்டுதல். நான் 11-வது. என் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முதல் நாள் ஐந்தாவது பெயரில் தூங்கிப்போனேன். அடுத்த நாள் எட்டு. மூன்றாம் நாள் பத்தாவது வரை வந்துவிட்டேன். பத்தாவது என் அக்கா. அன்றைக்கென்று பார்த்து அக்காவுக்கு வேண்டுதல் நீளுகிறது, நீளுகிறது, முடியவே இல்லை! போர்வைக்குள் கையைக் கிள்ளிக்கொண்டு கிடக்கிறேன். கடைசியில் வந்தது என் பெயர். "ஆண்டவரே, இவன் பயந்த பிள்ளை. இருட்டில் இவனோடு இரும்."

இருட்டுக்குப் பயம் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. ராத்திரியில் நான் கண்ணை மூடாமல் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். நண்பரே, இதுவா முணுமுணுப்பு?

வேதாகமத்தில், பவுல் தம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஒரு பாட்டி வருகிறார், தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள். அவர் உழைத்திருப்பார், பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்திருப்பார். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பேரனுடைய விசுவாசம் முதலில் அந்தப் பாட்டிக்குள் இருந்தது, அது மட்டும்தான் இருக்கிறது. திருச்சபையின் பெரிய ஞானி அகுஸ்தீனின் தாய் மோனிக்கா மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுது ஜெபித்தவர். கி.பி. 387-இல் மகன் ஞானஸ்நானம் பெற்றார், அதே ஆண்டில் தாய் இறந்தார். உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்றுதான் மகன்களிடம் கேட்டார்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா.

கடைசி ஒரு வருஷம் பாட்டிக்கு மறதி நோய். பெற்ற பிள்ளைகளையே தெரியவில்லை. ஓர் இரவு நான் துணைக்கு இருந்தேன். "நீ யாருப்பா?" என்றார். பெயரைச் சொன்னேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நாலு மணி இருக்கும். எழ முடியவில்லை. படுத்தபடியே அந்தக் கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். பெரிய அண்ணன் பெயர். அப்புறம் அடுத்தது. வேண்டுதல்கள் எல்லாம் உதிர்ந்துபோய் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. வரிசை மாறவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. 11-வதாக என் பெயர்.

அங்கே நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படும். விளக்கை அணைச்சிடாதேப்பா" என்றார்.

விடியும் வரை அணைக்கவில்லை ஐயா. வணக்கம்.