மலையும் சூரியனும் வரைகிற கை மழுங்காது!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆசிரியப் பணி ஓவியரின் சொந்தப் படைப்பை வளர்க்கிறதா, வாட்டுகிறதா? வளர்க்கிறது என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ஓவிய வாத்தியாருக்கு ரெண்டு மலை, நடுவுல சூரியன். வருஷமெல்லாம் அதையே திருத்தித் திருத்திக் கை மழுங்கிப்போச்சு" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

நாளைக் காலை கோட்டை அகழி ஓரம் நின்று கிழக்கே பாருங்கள். என்ன தெரிகிறது? மலை! அதன் பின்னாலிருந்து சூரியன்! ஐயா, வேலூர்ப் பிள்ளை காப்பியடிக்கவில்லை. கண்ணால் கண்டதை வரைகிறது!

அப்புறம் அந்தப் படத்தில் என்னதான் தப்பு? சூரியனை மலைக்குப் பின்னால் வைத்துவிட்டு, மலைக்குப் பளிச்சென்று பச்சை அடிக்கிறது. வெளிச்சம் பின்னால் என்றால் நம்மைப் பார்த்த பக்கம் நிழல்தானே? இதைச் சொல்ல வேண்டுமானால் ஆசிரியர் முதலில் மலையைப் பார்த்திருக்க வேண்டும். நம் மலையில் பச்சை எங்கே இருக்கிறது? பாறை! காலையில் அந்தப் பாறையும் கருநீலமாகத் தெரியும். தூரத்து மலை வெளிறிய நீலம். நடுவில் இருக்கும் காற்றும் தூசியும் செய்கிற வேலை அது.

அதைத் தாளில் கொண்டுவருவது எப்படி? நீர்வண்ணத்தில் அல்ட்ராமரின் நீலம், அதில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு கொஞ்சம். தண்ணீர் நிறைய விட்டுத் தூரத்து மலை முதலில். அது காய்ந்த பிறகு, அதே கலவையில் தண்ணீரைக் குறைத்து முன்மலை. காயுமுன் தொட்டால் ரெண்டு மலையும் ஒன்றாக ஓடிவிடும். சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. வானத்தைப் பூசி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். வானப் பகுதியை மட்டும் முன்பே நனைத்துக்கொண்டால் கோடு விழாது. இதை நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது விதமாக விளக்குகிறவர் கையா மழுங்கும்? மலையையே பார்க்காமல் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவர் கைதான் மழுங்கும்!

'சொந்தமாக வரைய நேரம் எங்கே' என்றார்கள். வார நாளில் பெரிய கித்தானை விரிக்காதீர்கள். தூரிகை கழுவவே அரை மணி போய்விடும். ஏ5 நோட்டு, 4பி பென்சில், இருபது நிமிடம் போதும். எண்ணெய் வண்ணம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மெல்லிய பூச்சு பெரும்பாலும் அடுத்த ஞாயிறுக்குள் தொடும்படி காய்ந்துவிடும். அலிஸரின் சிவப்பு மட்டும் காய நாள் இழுக்கும். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாளில் படம் தானே காய்கிறது! அடிப்பூச்சில் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் தூக்கல், மேலே போகப்போக லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் தூக்கல். மாற்றிப் பூசினால் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

சான்று வேண்டுமா? ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். கணக்குக் குறியும் மலையாள எழுத்தும் கலந்த அவருடைய பேர்பெற்ற ஓவிய வரிசை தொடங்கியது 1963இல். அவர் முன்னின்று உருவாக்கிய ஓவியர் கிராமமான சோழமண்டலம் எழுந்தது 1966இல். ரெண்டும் பதவியில் இருந்தபோதே! திருவண்ணாமலையில் பிறந்த ஓவிய ஆசிரியர் சந்தானராஜும் மாணவர்களுக்கு நடுவில்தான் வரைந்தார்.

2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்களின் வலியை நான் மறைக்கவில்லை. அவர்களை வாட்டியது சம்பளம் ஐயா, வகுப்பறை இல்லை!

நடுவர் அவர்களே, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிற தாயின் மகள் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். கண்காட்சிக்கு அவளை யார் அழைத்துப் போவார்? வரைவதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் ஒரு பெரியவரை அவள் நேரில் பார்ப்பது அந்த வகுப்பில்தான். அந்த ஆசிரியர் தன் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டட்டும். அடித்துத் திருத்திய கோட்டோடு காட்டட்டும். சாருக்கும் தப்பு வருமா என்று அவள் கேட்பாளே, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவாவது அவர் இன்று ராத்திரி உட்கார்ந்து வரைவாரா மாட்டாரா? வரைவார் ஐயா, கட்டாயம் வரைவார்! அவளையும் அவரையும் மனதில் வைத்துத் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.