ஒட்டகம் தந்த ஊரும் உண்டிவில் எடுத்த ஊரும்

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்க மண்ணில் நிற்கும் அந்நியப் படைகளைப் பற்றி இன்று பேசுகிறேன்.

2013 பிப்ரவரியில் மாலி நாட்டின் திம்புக்டு நகரத் தெருக்களில் பிரெஞ்சுக் கொடிகள் பறந்தன. ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜிகாதிக் குழுக்களைப் பிரெஞ்சுப் படை விரட்டியிருந்தது. நேரில் வந்த பிரான்ஸ் அதிபர் ஒல்லாந்துக்கு இளம் ஒட்டகம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. (வளர்க்கச் சொல்லி ஒப்படைத்த வீட்டார் பிறகு அதைச் சமைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.)

2021 நவம்பரில் அண்டை நாடான புர்கினா ஃபாசோவின் காயா நகரில், அதே பிரான்ஸின் ராணுவ வண்டிகளை மக்கள் மறித்து நாள்கணக்கில் நிறுத்தினார்கள். படையினர் பறக்கவிட்ட ட்ரோனை ஒரு சிறுவன் உண்டிவில்லால் அடித்து வீழ்த்தினான் என்று செய்தி பரவியது. அவன் ஒரே நாளில் ஊரின் நாயகனானான்.

இடைப்பட்ட காலத்தில் ஐயாயிரம் பிரெஞ்சு வீரர்கள் வரை, சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பான சாஹேல் பகுதியில் இருந்தார்கள். வன்முறையோ வடக்கு மாலியிலிருந்து நைஜருக்கும் புர்கினாவுக்கும் பரவிக்கொண்டே போனது. 2021 ஜனவரியில் மாலியின் பூன்டி கிராமத்தில் கல்யாணத்துக்குக் கூடியவர்கள்மீது பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. இறந்தவர்களில் 19 பேர் பொதுமக்கள் என்றது ஐ.நா. விசாரணை. பிரான்ஸ் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை படை இருந்தும் நாங்கள் ஏன் சாகிறோம் என்று மக்கள் கேட்டதில் என்ன வியப்பு?

இந்த எதிர்ப்பெல்லாம் ரஷ்யாவின் தூண்டுதல் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ரஷ்யப் பிரசாரம் உண்டுதான். ஆனால் 1960-ல் பிரிட்டனுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நைஜீரியாவின் லாகோஸில் தெருவில் இறங்கிய மாணவர்களை யார் தூண்டினார்கள்? அந்த ஒப்பந்தம் 1962-ல் கைவிடப்பட்டது. சகாராவில் பிரான்ஸ் அணுகுண்டு வெடித்ததற்காக நைஜீரியா 1961-ல் பிரெஞ்சுத் தூதரையே வெளியேற்றியது. 2007-ல் அமெரிக்கா ஆப்பிரிக்காவுக்கென ஒரு படைத்தலைமையை அமைத்தபோது, இடம் தர வெளிப்படையாக முன்வந்த நாடு லைபீரியா. தென்னாப்பிரிக்காவும் நைஜீரியாவும் முகம் திருப்பிக்கொண்டன. அதன் தலைமையகம் இன்றும் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில்தான் இருக்கிறது.

பிரெஞ்சுப் படையை வெளியேற்றிவிட்டு ரஷ்யக் கூலிப்படையை அழைத்த மாலியின் ராணுவ ஆட்சியை என்னால் கொண்டாட முடியவில்லை. 2022 மார்ச்சில் மூரா கிராமத்தில் மாலி வீரர்களும் அவர்களுடன் வந்த வெளிநாட்டவரும் ஐந்நூறு பேருக்கு மேல் கொன்றதாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அங்கே கேள்வி கேட்கக்கூட யாருக்கும் வழியில்லை.

செனகல் வேறு வகை. அங்கே 2024 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ஃபாயே, இறையாண்மை உள்ள நாட்டில் அந்நிய ராணுவத் தளத்துக்கு இடமில்லை என்றார். உறவை முறிக்கவில்லை, பேச்சுவார்த்தை நடத்தினார். 2025 ஜூலை 17 அன்று, தலைநகர் டக்காரில் இருந்த கடைசித் தளத்தையும் பிரான்ஸ் ஒப்படைத்தது.