மாமியை ஆன்ட்டி ஆக்கிய சப்டைட்டில்

வணக்கம். டிரினிடாடின் சகுவானஸ் சந்தையில் எடுத்த சென்ற வாரக் காணொளியின் தமிழ் சப்டைட்டிலைப் பார்த்து நீங்கள் கேலி செய்தது நியாயம்தான். ஏழு இடங்களில் 'ஆன்ட்டி' என்று வந்திருந்தது, ஒன்றுகூடச் சரியில்லை. பன்னிரண்டு டாலர் கொடுத்து வாங்கிய மென்பொருள் செய்த வேலை அது. பன்னிரண்டு டாலர்! அந்தப் பணத்தை நான் மறக்கவே போவதில்லை. நேற்று இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து ஏழையும் நானே திருத்தினேன்.

மிளகாய் சாஸ் விற்ற அம்மாளை எல்லாரும் 'டான்ட்டி' என்றார்கள். பிரெஞ்சில் அத்தைக்கும் சித்திக்கும் பொதுவான 'தாந்த்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ஸ்பெயின் ஆண்ட அத்தீவில் 1783ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் பிரெஞ்சு பேசும் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு குடியேறியதால், 1797இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பிறகும் அந்தச் சொல் ஊரோடு தங்கிவிட்டது.

துணிக்கடைக்காரர் வீட்டுக் கதை வேறு. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்; அவர்கள் கொண்டுவந்த போஜ்புரியில் தாயின் சகோதரி மௌசி, தந்தையின் சகோதரி புவா, தாய்மாமன் மனைவி மாமி. ஆம், நம் மாமியேதான்! நான் துள்ளியதில் கேமரா ஆடியதை நீங்களே பார்த்தீர்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் தந்தையின் சகோதரியும் மாமி என்பதுபோல் அவர்கள் புவாவை மாமி என்பதில்லை. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணக்கும் வழக்கம் இல்லாததால் அந்த இரு உறவுகளும் அங்கே ஒன்றாகக் கலக்கவில்லை.

டான்ட்டியைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். நான் முதலில் அவரை, ஜமைக்காக் காணொளிகளில் பழகிய வாயால், பெயருக்கு முன் 'மிஸ்' சேர்த்து அழைத்தேன். அங்கே மூத்த பெண்களுக்கு அதுதான் மரியாதை. கவிஞர் லூயிஸ் பென்னட்டையே நாடு முழுவதும் 'மிஸ் லூ' என்றது. அவரும் தம் வானொலிப் பேச்சுகளில் சுருக்கென்று தைக்கும் கருத்துகளை 'ஆன்ட்டி ரோச்சி' என்பவர் சொன்னதாகவே சொல்வார். ஆகவே ஜமைக்காவில் 'ஆன்ட்டி' இருந்தால் எனக்குச் சண்டையில்லை.

'டான்ட்டி'யை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறேன். 'பெரியம்மா' என்று போட்டுப் பார்த்தேன். நான் ஒரு சாஸ் புட்டிக்கு அவரிடம் பத்து நிமிடம் பேரம் பேசும் காட்சியில் அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.