திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆர்தர் கானன் டாயிலின் கதைகளில் வரும் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் துப்புத் துலக்கிய வழக்குகளில் ஒன்று நம் திருகோணமலையில் நடந்தது. கதையைத் தேடாதீர்கள், கிடைக்காது. இருப்பது அரை வரிதான்.

1891 ஜூலையில் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் ஹோம்ஸின் முதல் சிறுகதை வெளிவந்தது. கதையைச் சொல்பவர் ஹோம்ஸின் நண்பர் வாட்சன். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்ட அவர், ஹோம்ஸைப் பற்றிக் காதில் விழுந்ததைச் சொல்கிறார்: ஒரு கொலை வழக்குக்காக ஒடெஸாவிலிருந்து அழைப்பு; திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தைத் துலக்கியது; ஹாலந்து அரச குடும்பத்துக்கு ஒரு வேலை முடித்துக் கொடுத்தது. அவ்வளவுதான். அட்கின்சன்கள் அதற்குப் பிறகு தலைகாட்டுவதே இல்லை.

ஹோம்ஸ் இங்கே வந்தாரா? வாசகருக்கு உடனே அவரைக் கப்பலேற்றிவிட ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். ஒடெஸாவுக்கு 'அழைப்பு' என்கிறார். திருகோணமலைக்கு அந்தச் சொல் இல்லை, 'துலக்கியது' மட்டுமே. அப்போது தந்தி வசதி இருந்தது. லண்டனில் தன் பேக்கர் தெரு வீட்டு நாற்காலியை விட்டு எழாமலே முடித்திருக்கலாம். அடுத்த வாக்கியம் இன்னும் முக்கியம்: இதெல்லாம் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று வாட்சனே ஒப்புக்கொள்கிறார். ஆக, இது லண்டன் பத்திரிகைகளில் அடிபட்ட வழக்கு.

சரி, அட்கின்சன்கள் யார்? இலங்கையில் வெள்ளைக்காரர் என்றதும் தேயிலைத் தோட்டத் துரைமார்தான் நினைவுக்கு வருவார்கள். தோட்டங்கள் இருப்பது மலையகத்தில். திருகோணமலையோ கிழக்குக் கரை. அன்று பிரிட்டிஷ் கடற்படையின் துறைமுகம். சகோதரர்களுக்குக் கடற்படைத் தொடர்பு இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான்.

எல்லாக் குறிப்பையும் இப்படிக் குடையவும் கூடாது. ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் 'ஜேம்ஸ்' என்று கூப்பிடுகிறார். எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் இதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்: ஜான் எச். வாட்சனில் அந்த 'எச்' என்பது ஹேமிஷ், ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம். கெட்டிக்காரத்தனம்தான். எனக்கென்னவோ கானன் டாயிலின் கை தவறியதாகவே படுகிறது.

இதை எழுதியபோது டாயில் இலங்கையைப் பார்த்ததுகூட இல்லை. 'ட்ரிங்கோமலி' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லண்டன் வாசகருக்கு அந்த ஓசையே போதும், தூரம் தெரிந்துவிடும். திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் மொண்டு குளித்தவருக்கு அது போதாதே. அட்கின்சன்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்றல்லவா கேட்கத் தோன்றும்!