33-வது இடம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். நான் குடியிருப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்தில். நவம்பர் கடைசியில் வரும் நன்றி அறிவிப்பு நாள் விருந்துக்கு இங்கே யார் வீட்டுக்குப் போனாலும், தட்டு கைக்கு வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "உன் பட்டியலில் கடைசி இடம் யாருக்கு?"

கேள்வி வாலிபால் பற்றியது. கைப்பந்து என்று எழுதி வாலிபால் என்று பேசுகிறோமே, அந்த ஆட்டம்தான். கல்லூரிப் பெண்கள் அணிகளின் தேசியப் போட்டிக்கு யார் யாரை அழைக்கிறார்கள் என்பது விருந்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் அறிவிக்கும்போதுதான் தெரியும். அதுவரை ஊர் முழுக்க ஊகம்தான்.

நாலு பேர் கூடிப் பேசும் வெட்டிப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 30 அன்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடுவே வலை கட்டிப் பெண்கள் வாலிபால் நடத்தினார்கள். வந்து பார்த்தவர்கள் 92,003 பேர். வழக்கமான உள்ளரங்க ஆட்டங்களிலோ 2001-லிருந்து டிக்கெட் மிஞ்சியதே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று எத்தனை வருஷம் சமாளிக்க முடியும்? நானும் தாளும் பென்சிலுமாக உட்கார ஆரம்பித்துவிட்டேன்.

அழைப்பு 64 அணிகளுக்கு. 1998-லிருந்து இந்த எண்ணிக்கைதான். கொரோனாவால் 2021 வசந்த காலத்துக்குத் தள்ளிப்போன போட்டியில் மட்டும் 48 ஆகக் குறைத்து, எல்லோரையும் ஒமாஹா நகரத்திலேயே வைத்து ஆட்டத்தை முடித்தார்கள். கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்புக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் சாம்பியனும் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வந்துவிடலாம். 2024-ல் பசிபிக் கரையின் பெரிய கான்ஃபரன்ஸ் உடைந்தது. கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்போர்டு அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கான்ஃபரன்ஸ் குறைந்ததால் அந்த ஆண்டு நேரடி இடங்கள் 31, மீதி 33. இந்த 33-ஐத்தான் தேர்வுக் குழு கதவைச் சாத்திக்கொண்டு நிரப்புகிறது. ஓர் உறுப்பினரின் சொந்தக் கல்லூரி பற்றிப் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி.

33 இடங்களிலும் பெரும்பாலானவற்றுக்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. 2024-ல் பிட்ஸ்பர்க், நெப்ராஸ்கா, பென் ஸ்டேட், லூயிவில் ஆகிய நான்கும்தான் முதல் நான்கு இடங்களில் நிற்கும் என்று பலரும் சொன்னார்கள். அப்படியே நின்றன. அரையிறுதிக்கு வந்தவையும் அந்த நான்கேதான். பெரிய அணிகளைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று யாராவது பெருமை அடித்துக்கொண்டால், சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னதற்குப் பரிசு கேட்கிறார் என்று அர்த்தம்.

வேடிக்கை எல்லாம் அடிவரியில்தான். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் போகாமல் தொங்கலில் நிற்கும் ஏழெட்டு அணிகள், மிச்சம் மூன்று நான்கு இடங்கள். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கும் எனக்கும் வருஷா வருஷம் பந்தயம். நான் தோற்றால் மசால் தோசை, அவர் தோற்றால் பீகான் பை என்னும் கொட்டை போட்ட இனிப்புப் பண்டம். எத்தனை வருஷமாகத் தோசை வார்க்கிறேன் என்று கேட்காதீர்கள்.

நான் தோற்றதற்குக் காரணம், நன்றாக ஆடுகிற அணியைத் தேடினேன். "கண்ணால் பார்த்ததை மறந்துவிடு. குழுவின் கையில் இருக்கும் தாளில் என்ன தெரியும், அதைப் பார்," என்றார் அந்த அம்மா. அந்தத் தாளில் பெரிதாகத் தெரிவது ஆர்.பி.ஐ. என்ற ஓர் எண்.

கணக்கு கஷ்டமில்லை. நீங்கள் ஆடியதில் எத்தனை பங்கு வென்றீர்கள் என்பதற்குக் கால்பங்கு மதிப்பு. உங்களோடு மோதிய அணிகள் எத்தனை பங்கு வென்றன என்பதற்கு அரைப்பங்கு. அந்த அணிகளோடு மோதியவர்கள் எவ்வளவு வென்றார்கள் என்பதற்கு மிச்சக் கால்பங்கு. அதாவது உங்கள் உழைப்புக்குக் கால், ஊரார் உழைப்புக்கு முக்கால்!

கற்பனையாக இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். சின்னக் கான்ஃபரன்ஸில் இருக்கும் ஓர் அணி 31 ஆட்டத்தில் 27 வென்றிருக்கிறது. ஆனால் அதன் எதிரணிகள் நூற்றுக்கு 48 வீதம்தான் வென்றவை. எதிரணிகளின் எதிரணிகள் 49. கூட்டினால் 0.580 வரும். பெரிய கான்ஃபரன்ஸில் இன்னோர் அணி 30 ஆட்டத்தில் 17 வென்று 13 தோற்றிருக்கிறது. அதன் எதிரணிகள் நூற்றுக்கு 60, அவர்களின் எதிரணிகள் 56. கூட்டிப் பாருங்கள், 0.582. பதின்மூன்று முறை தலை குனிந்து வெளியே வந்த அணி, நான்கே முறை தோற்ற அணிக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. எனக்கு இது முதலில் அநியாயமாகப் பட்டது. இப்போதும் பாதி அநியாயமாகத்தான் படுகிறது. 27 வென்ற அந்தப் பெண்களை எங்கள் அரங்கத்துக்குக் கூப்பிட்டுப் பெரிய அணி ஒன்றோடு ஆடச் சொன்னால் ஜெயிப்பார்களா என்று தெரியாதுதான். ஆனால் ஆடிப் பார்க்க அவர்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? பெரிய அணிகள் அவர்களைத் தங்கள் அட்டவணையில் சேர்ப்பதே அபூர்வம். வென்றால் பெயர் கிடையாது, தோற்றால் மானம் போகும்.

இந்த எண்ணுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. மிகவும் பலவீனமான அணியை வென்றால் உங்கள் எண் ஏறாமல் இறங்கக்கூடும். அவர்களுடைய தோல்விகள் எல்லாம் உங்கள் அரைப்பங்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். 3–0 என்று நசுக்கினாலும், ஐந்தாவது செட் வரை போய் உயிர் தப்பினாலும் எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குழுவில் இருப்பவர்களும் மனிதர்கள்தான், எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. தொங்கலில் நிற்கும் இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதியிருந்தால் யார் வென்றது, பொதுவான எதிரணிகளிடம் யார் தேவலாம், பெரிய தலை எதையாவது சாய்த்திருக்கிறதா, தோற்கக் கூடாத இடத்தில் தோற்றிருக்கிறதா என்றெல்லாம் புரட்டுவார்கள். செப்டம்பரில் அசட்டையாக ஆடித் தோற்ற ஒரே ஓர் ஆட்டம் நவம்பர் கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும். அப்புறம், பாதிக்குப் பாதியாவது வெல்லாத அணி சாம்பியனாக வந்தால்தான் உண்டு. குழுவின் 33-ல் அதற்கு இடம் கிடையாது.

சரி, இவ்வளவும் பார்த்துப் பென்சிலால் 33 பெயர் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வருவான் சீட்டுத் திருடன். சில கான்ஃபரன்ஸ்களில் கடைசியில் தனியாக ஒரு நாக்-அவுட் போட்டி வைத்து, அதில் வெல்பவரைத்தான் சாம்பியனாக அறிவிப்பார்கள். பருவம் முழுக்கக் கொடிகட்டிப் பறந்த அணி அந்த இறுதியாட்டத்தில் ஒரு நாள் சறுக்கிவிட்டால், யாரும் எண்ணிப் பார்க்காத அணி நேரடி இடத்தைத் தட்டிக்கொண்டு போகும். சறுக்கிய பெரிய அணியைக் குழு விட்டுவிடுமா? 33-ல் ஒன்றைக் கொடுத்து உட்கார வைக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால், அந்த ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்லூரியின் விடுதியில் டிவி முன்னால் கூடியிருக்கும் பெண்களின் இடம் அந்த நிமிஷம் காலி. எங்கள் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் இந்த நாக்-அவுட் கிடையாது, அதனால் அங்கிருந்து திருடன் வருவதில்லை.

யார் வருவார்கள் என்பதோடு ஊகம் முடியாது, எங்கே வருவார்கள் என்பதும் உண்டு. 2022-லிருந்து 32 அணிகளுக்குத் தரவரிசை எண் கொடுக்கிறார்கள். முதல் 16 அணிகளின் ஊர்களில்தான் முதல் இரண்டு சுற்றும். மீதி 32 அணிகளை அங்கங்கே பங்கு போடும்போது வரைபடம் மேசைக்கு வந்துவிடும். 400 மைலுக்குள் என்றால் பஸ், தாண்டினால் விமானம். விமானச் செலவைக் குறைக்கத்தான் யாரும் பார்ப்பார்கள். அதனால் லிங்கனுக்குப் பஸ்ஸில் வரக்கூடிய தெற்கு டகோட்டா, அயோவா, கான்சாஸ் பக்கத்து அணிகளின் பெயரை இங்கே கடைக்காரர்கூட ஒப்பிப்பார். ஹவாய் அணி வந்தால் மட்டும் இந்தக் கணக்கு படுத்துவிடும். ஹொனலூலுவில் இருந்து எங்கே பஸ் விடுவது?

இப்படிப் போராடி உள்ளே வரும் கடைசி அணி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகப் போகிறது, அதற்கு ஏன் இந்தப் பாடு என்று என் மனைவி கேட்பாள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் நடக்கும். ஆனால் 2014-ல் தரவரிசை எண்ணே இல்லாமல் நுழைந்த பிரிகாம் யங் பல்கலைக்கழக அணி, ஒவ்வொரு சுற்றாக ஏறி இறுதியாட்டம் வரை போய் பென் ஸ்டேட்டிடம்தான் தோற்றது. உள்ளே கால் வைத்தவர்களுக்குத்தானே அந்த வாய்ப்பு.

இந்த வாரம் என் தாளில் 32 பெயர்கள் பேனாவால் எழுதியாகிவிட்டது. 33-வது மட்டும் பென்சிலில் இருக்கிறது, ஏற்கெனவே இரண்டு தடவை அழித்தாயிற்று. நான் அங்கே எழுதியிருக்கும் அணியின் ஆட்டங்கள் முடிந்துவிட்டன, அவர்கள் இனி ஒரு பந்துகூடத் தொடப் போவதில்லை. ஆனால் செப்டம்பரில் அவர்கள் வென்ற ஓர் அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று நேற்றுத்தான் தேடித் தெரிந்துகொண்டேன், ஒரு வீராங்கனையின் பெயரும் தெரியாது. சனிக்கிழமை மதியம் அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று கைப்பேசித் திரை முன்னால் கத்திக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு அம்மா எதிர் அணிக்குக் கத்துவார். எதற்கும் இருக்கட்டும் என்று அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன். வணக்கம்.