40,000 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஃபேன்டஸி கேரக்டர்! யார் இந்த சிங்க மனுஷன்?

400 மணி நேரம். வெளிய பனிக்காலம், சாப்பாட்டுக்கே அலையணும், குகை வாசல்ல எந்த மிருகம் வந்து நிக்கும்னு தெரியாது, அப்படி ஒரு நிலைமையில ஒரு ஆள் 400 மணி நேரம் உக்காந்து ஒரு பொம்மை செதுக்கிருக்காரு. அதுவும் உலகத்துலயே இல்லாத ஒன்ன!

வணக்கம் மக்களே. இன்னைக்கு கற்பனை பத்தி. ஃபேன்டஸி கதைன்னாலே சின்னப் பசங்க சமாச்சாரம்னு சொல்ற ஃப்ரெண்டு இருந்தா, வீடியோவ முதல்ல அவனுக்கு அனுப்புங்க.

(திரையில் சிலையின் படம்) ஜெர்மனியில ஹோலன்ஷ்டைன் ஷ்டாடல்னு ஒரு குகை. 1939ல அங்க துண்டு துண்டா தந்தம் கிடைச்சுது, உடனே போர் வந்துடுச்சு, அப்படியே மூட்டை கட்டி வெச்சுட்டாங்க. 30 வருஷம் கழிச்சு ஒட்டிப் பாத்தா... சிங்கத் தலை, மனுஷ உடம்பு! மாமூத் யானை தந்தம், 31 செ.மீ. உயரம், வயசு சுமார் 40,000 வருஷம். நம்ம காலத்துல ஒருத்தர் கல் ஆயுதத்த வெச்சு அதே மாதிரி செதுக்கிப் பாத்தப்பதான் 400 மணி நேரத்துக்கு மேல ஆகும்னு தெரிஞ்சுது.

இப்ப மூளைப் பக்கம் சட்டுனு போய்ட்டு வந்துடலாம். ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி, ஞாபகத்துக்கு முக்கியமானது. அது பாதிச்சவங்ககிட்ட ஒரு கடற்கரைய கற்பனை பண்ணச் சொன்னா துண்டு துண்டாதான் சொன்னாங்க, முழுக் காட்சியா சேரவே இல்ல. 2007ல வந்த ஆய்வு. அதாவது ஞாபகம்தான் மூலப்பொருள். அந்தச் சிலைய செதுக்குனவன் சிங்கத்த பாத்திருக்கான், மனுஷன பாத்திருக்கான், ஒட்டுனதுதான் புதுசு. மனசுல படமே ஓடாதவங்களும் இருக்காங்க, அஃபான்டேசியான்னு 2015ல பேர் வெச்சாங்க, அது தனி வீடியோ.

சரி, ஒட்டுனா கதை ஆயிடுமா? ஆகாது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதுன டோல்கீன் ஒரு கட்டுரையில இத போட்டு உடைச்சாரு. பச்சைச் சூரியன்னு யாரு வேணா சொல்லிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படியா இருக்குற ஒரு உலகத்த கட்டுறதுதான் உழைப்புன்னாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் விளையாடுவோமா?

பச்சை வெளிச்சம் மட்டுமே வருதுன்னு வெச்சுக்குங்க. செவப்புப் பொருள் எல்லாம் கிட்டத்தட்ட கறுப்பாதான் தெரியும். ரத்தம் கறுப்பு. பழுத்த பழமும் கறுப்பு, அழுகுனதும் கறுப்பு, எத நம்பி வாயில வைப்பான்? அதனால அந்த ஊர்ல மூக்கு நல்லா வேலை செய்யணும், மோப்பம் புடிக்கிறவனுக்குதான் மரியாதை, சளி புடிச்சா ராஜாவையே சிம்மாசனத்த விட்டு எறக்கிடுவாங்க! பாருங்க, ஒரே ஒரு கலர மாத்துனதுல அரசியல் வரைக்கும் வந்துட்டோம். மந்திரக்கோல், டிராகன் எல்லாம் அப்புறம், ஒரு பொய்யச் சொல்லிட்டு அதுக்குக் கடைசி வரைக்கும் உண்மையா இருக்குறவன்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் நல்ல ஃபேன்டஸி ரைட்டர்.

அப்புறம் இன்னொன்னு, அங்க கோவத்துல முகம் செவக்காது, கறுக்கும். தமிழ்ல எழுதுறவனுக்கு இதுல கவலையே இல்ல, 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள'ன்னு தொல்காப்பியர் எப்பவோ ரெண்டு கலரையும் கோவத்துக்கு எழுதி வெச்சுட்டாரு!

இப்ப உங்க டர்ன். ரோஜா கறுப்பா தெரியுற அந்த ஊர்ல காதலிக்கு என்ன பூ குடுப்பான்? கமென்ட்ல எழுதுங்க, ஆனா வாசனைய மறந்துடாதீங்க, ஊரே மோப்பம் புடிக்கிற ஊரு.